கோப்பும் கொட்டடியும்: பயங்கரவாத வழக்குகளில் ஒப்படைப்பு மறுக்கப்படும் விதம்

ஒரு நாட்டில் குற்றம் புரிந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர் வேறொரு நாட்டில் தங்கியிருக்கையில், அவரை விசாரணைக்கோ தண்டனைக்கோ அனுப்பித் தருமாறு முதல் நாடு முறைப்படி கேட்பதும், இரண்டாம் நாடு தன் சட்டத்தின்படி அதைப் பரிசீலித்து அனுப்புவதும் ஒப்படைப்பு எனப்படும். விசா முடிந்தவரையோ வேண்டாதவரையோ ஓர் அரசு தானே முன்வந்து வெளியேற்றும் நாடுகடத்தலிலிருந்து இது வேறானது. ஒப்படைப்பில் கேட்கும் அரசு, கேட்கப்படும் அரசு, இடையில் நிற்கும் மனிதர் என மூன்று தரப்பும் ஒரு நீதிமன்றத்தின் முன் வந்தாக வேண்டும். பயங்கரவாத வழக்கில் இத்தகைய கோரிக்கை மறுக்கப்பட்டால், கேட்ட நாட்டின் செய்தித்தாள்கள் அதைக் கொலைகாரனுக்குக் கொடுத்த அடைக்கலம் என்றே எழுதுகின்றன. குண்டுவெடிப்பில் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டாருக்கு அது அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. ஆயினும், இக்கோரிக்கைகளுக்கான கோப்புகளைத் தொகுப்பதையும் அயல்நாட்டு நீதிமன்றங்களில் அவை படும் பாட்டைப் பின்தொடர்வதையும் தொழிலாகக் கொண்டவர்கள் காலப்போக்கில் கண்டறியும் உண்மை வேறு. மறுக்கும் நீதிபதி பெரும்பாலும் தேடப்படுபவரைப் பற்றித் தீர்ப்பு எழுதுவதில்லை. கேட்கும் நாட்டைப் பற்றியே, அதன் காவல் நிலையத்தையும் சிறையையும் நீதிமன்றத்தையும் பற்றியே எழுதுகிறார்.

இந்தியாவிலிருந்து புறப்படும் ஒரு கோப்பை அருகிலிருந்து பார்த்தால் இது எங்கே தொடங்குகிறது என்பது விளங்கும். வழக்கை விசாரித்த மாநிலப் போலீசோ மத்தியப் புலனாய்வுத் துறையோ அதைத் தொகுக்க, வெளியுறவு அமைச்சகத்தின் தூதரக, கடவுச்சீட்டு, விசா பிரிவு அதைச் சரிபார்த்து, தூதரகத்தின் வழியே அயல்நாட்டு அரசிடம் சேர்ப்பிக்கிறது. நீதிமன்றம் பிறப்பித்த பிடியாணை, குற்றப்பத்திரிகையின் நகல், சாட்சிகளின் வாக்குமூலங்கள், குற்றத்துக்குரிய சட்டப் பிரிவுகளின் முழு வாசகம், ஆளை அடையாளம் காட்டும் புகைப்படமும் விரல்ரேகையும், வழக்கின் கதையைத் தொடக்கம் முதல் இறுதிவரை சொல்லும் பிரமாணப் பத்திரம், தேவையான மொழியில் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு ஆகியவை அதில் இருக்கும். குற்றப்பத்திரிகை உள்ளூர் நீதிமன்றத்துக்காக எழுதப்பட்டது. அதன் வழக்கமான தொடர்களும் சுருக்கங்களும் அந்த வளாகத்துக்கு வெளியே எவருக்கும் புரியாதவை. முதல் தகவல் அறிக்கையில் ஒரு விதமாகவும் கடவுச்சீட்டில் வேறு விதமாகவும் எழுதப்பட்ட ஒரு பெயர், நகலெடுத்ததில் மங்கிப்போன ஒரு கையொப்பம், தேதி விடுபட்ட ஒரு மருத்துவச் சான்று ஆகியவை எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் கையில் முதல் நாளே ஆயுதமாகின்றன. 1986 மார்ச்சில், பிரிட்டன் தேடிவந்த ஒரு பெண்ணை டப்ளின் நீதிமன்றம் விடுவித்ததற்கு அரசியல் காரணம் எதுவும் இருக்கவில்லை. லண்டனிலிருந்து வந்த பிடியாணைகளில் சட்டக் குறைபாடு இருந்தது, அவ்வளவே.

ஆவணங்கள் சரியாக இருந்தாலும் அவை இரண்டு தேர்வுகளைக் கடந்தாக வேண்டும். முதலாவது இரட்டைக் குற்றத்தன்மை: ஒருவர் செய்ததாகச் சொல்லப்படும் செயல் கேட்கும் நாட்டில் மட்டுமன்றி, கேட்கப்படும் நாட்டிலும் குற்றமாக இருக்க வேண்டும் என்ற விதி. இரண்டாவது முகாந்திரம்: சான்றுகள் மறுக்கப்படாமல் நின்றால் வழக்கை விசாரணைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்னும் அளவுக்கேனும் ஆதாரம் இருக்க வேண்டும் என்பது. பல நாடுகள் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தங்களில் இரண்டாவதைத் தளர்த்திவிட்டாலும், முதலாவது இன்றும் வலுவாக நிற்கிறது. பயங்கரவாதத்துக்கு உலக நாடுகள் அனைத்தும் ஏற்ற ஒரே வரையறை இன்றுவரை கிடையாது. அதற்கென ஒரு முழுமையான உடன்படிக்கையை இந்தியா 1996ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபையில் முன்மொழிந்தது, அது இன்னும் பேச்சுவார்த்தையைத் தாண்டவில்லை. ஆகவே தடைசெய்யப்பட்ட அமைப்பில் உறுப்பினராக இருந்தார், தேசத்தின் ஒருமைப்பாட்டுக்கு எதிராகப் பேசினார் என்று தொடங்கும் கோரிக்கை அயல்நாட்டு மேசையில் தள்ளாடுகிறது; இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்ன வெடிபொருளை வைத்தார், இத்தனை பேர் இறந்தனர் என்று தொடங்கும் கோரிக்கை நிற்கிறது. பயங்கரவாதம் என்ற சொல்லைக் கோப்பிலிருந்து எந்த அளவுக்கு விலக்கி, கொலை, கடத்தல், வெடிகுண்டு ஆகிய பழைய குற்றங்களைக் கொண்டு அதை எழுத முடிகிறதோ அந்த அளவுக்கு அது பலமாகிறது என்பது இத்துறையில் இளையோருக்கு மூத்தோர் சொல்லித்தரும் முதல் பாடம்.

ஒப்புதல் வாக்குமூலங்கள் இதைவிடக் கடினமானவை. போலீஸ் அதிகாரியிடம் அளித்த ஒப்புதலைச் சான்றாக ஏற்கக்கூடாது என்பது இந்தியச் சாட்சியச் சட்டத்தின் பழைய விதி. தடா எனப்பட்ட 1987ஆம் ஆண்டுச் சட்டமும், 2002 முதல் 2004 வரை இருந்த பொடாவும் அதை விலக்கி, காவல் கண்காணிப்பாளர் நிலையில் உள்ள அதிகாரி பதிவுசெய்த ஒப்புதலை ஏற்றுக்கொண்டன. உள்நாட்டில் வழக்கை எளிதாக்கிய அதே வாக்குமூலம் வெளிநாட்டில் வழக்கைக் கெடுக்கிறது; அது எந்த அறையில், எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு, வழக்கறிஞர் உடனிருக்கப் பெறப்பட்டதா என்ற கேள்விகளுக்கு விடையளிக்கும் தாள் எதுவும் அந்தக் கோப்பில் இருப்பதில்லை.

நீதிமன்றங்கள் எப்போதுமே சிறைகளை நோக்கித்தான் பார்த்தன என்று கொள்வதும் சரியன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கி நெடுங்காலம் அவை பார்த்தது குற்றத்தின் தன்மையைத்தான். 1833இல் பெல்ஜியம் இயற்றிய சட்டம் அரசியல் குற்றத்துக்காக எவரையும் ஒப்படைப்பதில்லை என்ற விதியை எழுத்தில் வைத்தது. ஒரு நாட்டின் துரோகி இன்னொரு நாட்டின் விடுதலை வீரர் என்பதைப் புரட்சிகளைக் கண்ட ஐரோப்பா நன்கு அறிந்திருந்தது. சுவிட்சர்லாந்தின் டிசினோ மாநிலத்தில் 1890இல் நடந்த கிளர்ச்சியின்போது அரசு அதிகாரி ஒருவரைச் சுட்டுக்கொன்ற கஸ்டியோனியை 1891இல் இங்கிலாந்து நீதிமன்றம் ஒப்படைக்க மறுத்தது. ஓர் அரசியல் கலகத்தின் பகுதியாகவும் அதையொட்டியும் செய்யப்பட்ட செயல் அரசியல் குற்றம் என்பது அத்தீர்ப்பு தந்த அளவுகோல். மூன்றே ஆண்டுகளில், பாரிஸ் உணவகம் ஒன்றில் குண்டு வைத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட அராஜகவாதி மூனியேவுக்கு அதே நாட்டு நீதிமன்றம் அந்தப் பாதுகாப்பைத் தர மறுத்தது. ஆட்சியைப் பிடிக்கப் போராடும் தரப்பில் ஒருவராக அவர் இல்லை, எல்லா ஆட்சிகளுக்கும் பகைவராக இருந்தார், பொதுமக்களையே இலக்காக்கினார் என்பது காரணம். படைவீரரைத் தாக்குவதற்கும் பொதுமக்களைத் தாக்குவதற்கும் இடையே இன்றும் இழுக்கப்படும் கோட்டின் தொடக்கம் இங்கேதான்.

அந்தக் கோட்டின் மீது நடந்த மிகக் கடுமையான இழுபறி வட அயர்லாந்தைச் சேர்ந்தது. 1980 மே மாதம் பெல்ஃபாஸ்ட் நகரில் ஒரு வீட்டிலிருந்து நடந்த துப்பாக்கிச் சூட்டில் பிரிட்டிஷ் சிறப்புப் படையின் கேப்டன் ஹெர்பர்ட் வெஸ்ட்மகாட் கொல்லப்பட்டார். அவ்வழக்கில் பிடிபட்ட ஐரிஷ் குடியரசுப் படை உறுப்பினர் ஜோசப் டோஹெர்ட்டி, 1981 ஜூனில் தீர்ப்பு வரவிருந்த வேளையில் கிரம்லின் ரோடு சிறையிலிருந்து தப்பி, நியூயார்க்கில் ஒரு மதுக்கடையில் வேலை பார்த்துவந்தபோது 1983இல் கைதானார். அமெரிக்கா பிரிட்டனின் நெருங்கிய கூட்டாளி. ரீகன் அரசு அவரை அனுப்பவே விரும்பியது. ஆயினும் கூட்டரசு நீதிபதி ஜான் ஸ்பிரிஸ்ஸோ 1984 டிசம்பரில் மறுத்துவிட்டார். அமைப்பும் கட்டளையும் கொண்ட ஒரு படை, நடந்துகொண்டிருந்த ஆயுதப் பூசலில் எதிரணிப் படைவீரரைத் தாக்கிய செயல் அது என்றும், சந்தையில் குண்டு வைப்பதோ பணயக் கைதியைக் கொல்வதோ இதில் அடங்காது என்றும் அவர் பிரித்துக் காட்டினார். அந்நிய அரசுகளுக்கு இடையிலான நட்பு ஒரு நீதிபதியின் பேனாவை நகர்த்தாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. ஆனால் நட்பு வேறு வழியில் வேலை செய்தது: 1985இல் கையெழுத்தாகி 1986இல் நடைமுறைக்கு வந்த துணை ஒப்பந்தம், கொலை, வெடிகுண்டு, ஆள்கடத்தல் ஆகியவற்றை அரசியல் குற்றம் என்று வாதிடும் உரிமையை நீக்கியது. டோஹெர்ட்டி இறுதியில் 1992 பிப்ரவரியில் குடியேற்றச் சட்டத்தின் கீழ் நாடுகடத்தப்பட்டார். ஒப்படைப்பு தோற்ற இடத்தில் நாடுகடத்தல் வென்றது. நீதிமன்றக் கதவு மூடியவுடன் நிர்வாகக் கதவைத் தட்டும் இப்பழக்கம் பின்னாளில் பல நாடுகளிலும் காணப்படுவது. அது வழக்கை விரைவாக முடிக்கலாம், ஆனால் ஒப்படைப்புச் சட்டம் தரும் காப்புகளை எல்லாம் கடந்துசெல்கிறது என்பதால் அதை இத்துறையின் வெற்றியாக எண்ண முடிவதில்லை.

அயர்லாந்துக் குடியரசும் 1982 வரை இத்தகைய கோரிக்கைகளை மறுத்துவந்து, டொமினிக் மக்கிளின்சி வழக்கில் அதன் உச்ச நீதிமன்றம் வேறு நிலை எடுத்த பிறகே வழி திறந்தது. 1984இல் வடக்கே அனுப்பப்பட்ட அவருக்குக் கொலைக் குற்றத்துக்காக விதிக்கப்பட்ட தண்டனையை 1985இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்துசெய்ததும், அவர் திருப்பி அனுப்பப்பட்டதும் ஒப்படைப்பை எதிர்த்துவந்தவர்களுக்குப் பெரும் வாதமாயிற்று. 1988இல் பிரிட்டன் தேடிய பாதிரியார் பேட்ரிக் ரயன் வழக்கில் நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. பெல்ஜியம் அவரைப் பிரிட்டனிடம் ஒப்படைக்காமல் அயர்லாந்துக்கு அனுப்பியது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அவரைப் பற்றிப் பேசப்பட்டவையும் அங்குள்ள பத்திரிகைகள் எழுதியவையும் நடுநிலையான நடுவர் குழு கிடைக்கும் வாய்ப்பையே கெடுத்துவிட்டன என்று கூறி, அயர்லாந்தின் அட்டர்னி ஜெனரல் அவரை அனுப்ப மறுத்தார். ஓர் அமைச்சர் மேடையில் கைதட்டலுக்காகச் சொன்ன ஒரு வாக்கியம், பல மாத உழைப்பில் உருவான கோப்பைக் கவிழ்க்கும் என்பதை அரசியல்வாதிகள் இன்றும் உணர்வதில்லை. குற்றவாளி, தூக்குமேடை என்று அவர்கள் பேசும் ஒவ்வொரு காணொளியும் எதிர்த்தரப்பின் ஆவணக் கட்டில் இணைப்பாகச் சேர்ந்துவிடுகிறது. 1990இல் டெர்மட் ஃபினுகேன் வழக்கில் அயர்லாந்து உச்ச நீதிமன்றம் மறுப்புக்குச் சொன்ன காரணமோ, வட அயர்லாந்தின் மேஸ் சிறைக்குத் திரும்பினால் காவலர்களால் துன்புறுத்தப்படும் வாய்ப்பு. குற்றத்தின் தன்மையைப் பற்றிய கேள்வி பின்னுக்குச் சென்று, கொட்டடியைப் பற்றிய கேள்வி முன்னுக்கு வந்துவிட்டது.

1977இல் ஐரோப்பிய நாடுகள் ஸ்ட்ராஸ்பர்க்கில் செய்துகொண்ட பயங்கரவாத ஒழிப்பு உடன்படிக்கை, விமானக் கடத்தல், பணயக் கைதி, வெடிகுண்டு ஆகியவற்றை அரசியல் குற்றமாகக் கருதக்கூடாது என்றது. 1997ஆம் ஆண்டின் குண்டுவெடிப்பு எதிர்ப்பு உடன்படிக்கை அதையே உலக அளவில் சொன்னது. இரண்டும், இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து ஆகியவற்றுக்காக ஒருவரைத் தண்டிக்கவே கோரிக்கை வந்திருக்கிறது என்று நம்ப இடமிருந்தால் மறுக்கலாம் என்றும் எழுதிவைத்தன. ஆனால் உண்மையான மாற்றம் மனித உரிமைத் தீர்ப்புகளிலிருந்து வந்தது. 1989இல் ஜென்ஸ் சோரிங் என்ற ஜெர்மானியரை வர்ஜீனியா மாநிலத்தின் கொலை வழக்குக்கு அனுப்புவது குறித்து, மரண தண்டனைக் கைதிகள் ஆண்டுக்கணக்கில் காத்துக்கிடக்கும் நிலையே மனிதத்தன்மையற்ற நடத்தை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் கூறியது. தன் எல்லைக்கு வெளியே நிகழவிருக்கும் கொடுமைக்கும் அனுப்பும் நாடு பொறுப்பு என்ற கோட்பாடு அத்துடன் நிலைபெற்றது. 1996இல் சாஹல் வழக்கில், பஞ்சாபைச் சேர்ந்த ஒருவரைத் தேசப் பாதுகாப்பின் பெயரால் இந்தியாவுக்கு நாடுகடத்த பிரிட்டன் முயன்றபோது, சித்திரவதைக்கு எதிரான பாதுகாப்பு முழுமையானது என்றும், ஒருவர் எவ்வளவு ஆபத்தானவர் என்பதைத் தராசின் மறு தட்டில் வைத்து அதைக் குறைக்க முடியாது என்றும் அதே நீதிமன்றம் சொன்னது. 2012இல், பிரிட்டன் ஜோர்டானுக்கு நாடுகடத்த முயன்ற அபு கத்தாடாவின் வழக்கில், மற்றவர்களைச் சித்திரவதை செய்து பெற்ற வாக்குமூலம் ஜோர்டான் விசாரணையில் பயன்படுத்தப்படக்கூடும் என்பதே தடையாயிற்று. அத்தகைய சான்றைக் கட்டுப்படுத்தும் புதிய ஒப்பந்தத்தை இரு நாடுகளும் 2013இல் செய்துகொண்ட பிறகு அவர் தானே விமானம் ஏறினார், 2014இல் ஜோர்டான் நீதிமன்றமே அவரை விடுவித்தது.

மரண தண்டனை குறித்த மறுப்பு இவற்றுள் எளிமையானது. அது நாட்டின் கொள்கை, விவாதத்துக்கு இடமில்லை. 1998 நவம்பரில் ரோம் நகருக்கு வந்த குர்திஷ் தலைவர் அப்துல்லா ஓஜலானைத் துருக்கி கேட்டபோது, தூக்குத்தண்டனை உள்ள நாட்டுக்கு அனுப்பத் தன் சட்டம் இடந்தராது என்று இத்தாலி மறுத்தது. 1999 பிப்ரவரியில் நைரோபியில் பிடிபட்டு, அதே ஆண்டு ஜூனில் மரண தண்டனை விதிக்கப்பட்ட அவர், துருக்கி 2002இல் அமைதிக் காலத்துக்கான அத்தண்டனையை நீக்கியதால் உயிரோடிருக்கிறார். இந்தியாவும் இத்தடையை உணர்ந்து, 1962ஆம் ஆண்டு ஒப்படைப்புச் சட்டத்தில் 34சி என்ற பிரிவை 1993இல் சேர்த்தது: மரண தண்டனை இல்லாத நாடு ஒருவரை ஒப்படைத்தால், அக்குற்றத்துக்கு இந்தியாவில் அவருக்கு ஆயுள் தண்டனை மட்டுமே விதிக்கலாம்.

இப்பிரிவின் முழு எடையும் அபு சலேம் வழக்கில் தெரிந்தது. 257 பேர் இறந்த 1993 மார்ச் 12 பம்பாய்த் தொடர் குண்டுவெடிப்பில் தேடப்பட்ட அவர் 2002 செப்டம்பரில் லிஸ்பனில் கைதானார். போர்ச்சுகல் அரசியல் சாசனம் மரண தண்டனைக்கும், முடிவு தெரியாத சிறைவாசத்துக்கும் எவரையும் அனுப்புவதைத் தடுக்கிறது. எனவே மரண தண்டனை விதிக்கப்படாது, 25 ஆண்டுகளுக்கு மேல் சிறைவாசம் இராது என்று அப்போதைய துணைப் பிரதமர் எல்.கே. அத்வானி 2002 டிசம்பர் 17 அன்று எழுத்தில் உறுதியளித்தார். 2005 நவம்பரில் அவர் ஒப்படைக்கப்பட்டார். ஒப்படைப்புச் சட்டத்தில் இன்னொரு விதியும் உண்டு: எந்தக் குற்றங்களுக்காக ஒருவர் ஒப்படைக்கப்பட்டாரோ அவற்றுக்காக மட்டுமே அவரை விசாரிக்கலாம், மற்றவற்றுக்குக் கொடுத்த நாட்டின் இசைவு வேண்டும். இந்தியாவில் கூடுதல் குற்றச்சாட்டுகள் சேர்க்கப்பட்டதும், 2011இல் லிஸ்பன் மேல்முறையீட்டு நீதிமன்றம் இது வாக்குமீறல் என்றது. அந்தக் கூடுதல் குற்றச்சாட்டுகளில் சிலவற்றைத் திரும்பப் பெற 2013இல் இந்திய உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 2017இல் மும்பை தடா நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதிக்க, 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நீதிமன்றங்கள் விதிக்கும் தண்டனை எதுவாயினும் அரசு தந்த உறுதிமொழி அரசைக் கட்டுப்படுத்தும் என்றும், 2005 முதல் கணக்கிட்டு 25 ஆண்டுகள் முடிந்ததும் விடுதலைக்கான நடவடிக்கையை மத்திய அரசு எடுத்தாக வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. இதைக் கேட்டு மனம் கொதித்தவர்கள் பலர். ஆயினும் அந்த வாக்கு அன்று காப்பாற்றப்படாதிருந்தால், அதன் பிறகு எந்த ஐரோப்பியத் தலைநகரிலும் இந்திய அரசின் கையொப்பத்துக்கு மதிப்பு இருந்திருக்காது. இன்னும் பிடிபடாதவர்களை எதிர்நோக்கியிருக்கும் குடும்பங்களுக்கும் அத்தீர்ப்பு செய்த உதவி பெரிது.

உறுதிமொழி போதாமல்போன வழக்கு புருலியா ஆயுத வீச்சு. 1995 டிசம்பர் 17 இரவு, மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்டக் கிராமங்களின் மீது ஓர் அன்டோனோவ் விமானம் நூற்றுக்கணக்கான ஏகே-47 துப்பாக்கிகளையும் பெருந்தொகையான தோட்டாக்களையும் பாராசூட் மூலம் போட்டுவிட்டுச் சென்றது. சில நாள்களில் அவ்விமானம் பம்பாயில் இறக்கப்பட்டு, லாட்வியாவைச் சேர்ந்த ஐவரும் பிரிட்டிஷ் ஆயுத வியாபாரி பீட்டர் பிளீச்சும் பிடிபட்டனர். கிம் டேவி என்ற பெயரில் பயணம் செய்த டென்மார்க் நாட்டவர் நீல்ஸ் ஹோல்க் விமான நிலையத்திலிருந்தே தப்பிவிட்டார். பிடிபட்டவர்களுக்குக் கல்கத்தா நீதிமன்றம் 2000இல் ஆயுள் தண்டனை விதித்தது. லாட்வியர்கள் அதே ஆண்டிலும் பிளீச் 2004இலும் தண்டனைக் குறைப்பு பெற்று வெளியேறினர். டேவியோ தன் நாட்டில் வெளிப்படையாகவே வாழ்ந்துவந்தார். மரண தண்டனை கூடாது, தண்டனையை டென்மார்க்கிலேயே கழிக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு 2010 ஏப்ரலில் டென்மார்க் அரசு அவரை அனுப்ப ஒப்புக்கொண்டது. அரசு ஒப்புக்கொண்டும் நீதிமன்றம் ஒப்பவில்லை: ஹில்லரோட் நகர நீதிமன்றம் அந்த ஆண்டு நவம்பரில் மறுக்க, கிழக்கு உயர் நீதிமன்றம் 2011 ஜூன் 30 அன்று அதை உறுதிசெய்தது. இந்தியக் காவலில் சித்திரவதைக்கோ மனிதத்தன்மையற்ற நடத்தைக்கோ ஆளாகும் உண்மையான ஆபத்து இருக்கிறது, அளிக்கப்பட்ட உறுதிமொழிகள் அதைப் போக்கப் போதுமானவை அல்ல என்பது காரணம். அரசு வழக்கறிஞர்கள் மேல்முறையீட்டுக்குச் செல்லவில்லை. சினமுற்ற இந்திய அரசு டென்மார்க் தூதரக அதிகாரிகளுடனான தொடர்புகளைக் குறைத்துக்கொண்டது. உறவு சீராகப் பல ஆண்டுகள் பிடித்தன. மீண்டும் கோரிக்கை, மீண்டும் கூடுதல் உறுதிமொழிகள், 2023இல் டென்மார்க் அரசு வழக்கறிஞரின் இசைவு என்று எல்லாம் நடந்த பின்னும், 2024 ஆகஸ்ட் 29 அன்று அதே ஹில்லரோட் நீதிமன்றம் அதே காரணத்துக்காக மறுத்துவிட்டது.

2011ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கும் 2024ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கும் இடைப்பட்ட காலம் முழுவதும் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: இந்தியா சித்திரவதைக்கு எதிரான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையில் 1997இல் கையெழுத்திட்டும் ஏன் அதை ஏற்புறுதி செய்யவில்லை? கையெழுத்து என்பது நோக்கத்தை அறிவிப்பது. ஏற்புறுதியே சட்டப்படி கட்டுப்படுவது. உறுதிமொழிக் கடிதத்தை எழுதும் அதிகாரி எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், சித்திரவதையைத் தனிக் குற்றமாக வரையறுக்கும் சட்டம் நாட்டில் இல்லை என்ற ஒற்றை வரி அக்கடிதத்தின் வலுவை உறிஞ்சிவிடுகிறது. காவல் மரணங்கள் பற்றித் தேசிய மனித உரிமை ஆணையம் வெளியிடும் எண்ணிக்கையே எதிர்த்தரப்பின் முதல் இணைப்பாக அமைகிறது. அது இந்திய அரசின் சொந்த ஆவணம் என்பதால் அதை மறுக்கவும் வழியில்லை.

சிறையின் அளவைச் சோதிப்பதில் நீதிமன்றங்கள் காட்டும் நுணுக்கம் இத்துறைக்குப் புதியவர்களைத் திகைக்க வைக்கும். பலர் அடைபடும் அறையில் ஒரு கைதிக்கு மூன்று சதுர மீட்டருக்குக் குறைவான இடம் இருந்தால் அது மனிதத்தன்மையற்றது என்றே முதலில் கருதப்படும் என ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2016இல் கூறியது. அதன் பிறகு அளவுநாடாவும் வரைபடமும் கோப்பின் பகுதியாகிவிட்டன. கடன் மோசடி வழக்கில் தேடப்பட்ட விஜய் மல்லையாவுக்காக மும்பை ஆர்தர் ரோடு சிறையின் பன்னிரண்டாம் தொகுதியை, செயற்கை விளக்கு இல்லாமல் பகல் வெளிச்சத்தில் படம்பிடித்து அனுப்புமாறு லண்டன் நீதிபதி 2018இல் கேட்டார். சன்னல் வழியே வெயில் எவ்வளவு விழுகிறது, கழிப்பறைக்குக் கதவு இருக்கிறதா, நடந்து பழக முற்றம் உண்டா என்பவை அங்கே சட்ட வினாக்கள். குற்றம் பயங்கரவாதமா பண மோசடியா என்பது அவற்றின் விடையை மாற்றாது. மனநோய் உள்ளவராயின் சோதனை இன்னும் கடுமையாகிறது: பயங்கரவாத வழக்கில் தேடப்பட்ட ஹாரூன் அஸ்வாத் என்பவரை அமெரிக்காவின் கடுங்காவல் சிறைக்கு அனுப்புவது 2013இல் தடுக்கப்பட்டது; மருத்துவப் பராமரிப்பு குறித்த உறுதிமொழிகளுக்குப் பிறகு 2014இல் அவர் அனுப்பப்பட்டார். அதே வகைச் சிறை பாபர் அகமது உள்ளிட்ட மற்றவர்களுக்குத் தடையில்லை என 2012இல் தீர்ப்பாகியிருந்தது. ஆனால் அத்தீர்ப்பு வருவதற்குள் அகமது, 2004இல் கைதானது முதல், தண்டனை ஏதுமின்றி எட்டு ஆண்டுகளைப் பிரிட்டிஷ் சிறையில் கழித்துவிட்டார். ஒப்படைப்பு நடைமுறையின் தாமதமும் ஓர் அநீதியே என்பதை அவ்வழக்கு காட்டுகிறது.

மறுப்புகள் அனைத்தும் மனசாட்சியின் குரல் என்று சொல்லிவிட முடியாது. மியூனிக் படுகொலை தொடர்பாகத் தேடப்பட்ட அபு தாவூதை 1977 ஜனவரியில் பாரிஸில் பிடித்த பிரான்ஸ், இஸ்ரேலும் மேற்கு ஜெர்மனியும் கேட்டிருந்தும், நடைமுறைக் காரணங்களைச் சொல்லிச் சில நாள்களில் அல்ஜீரியாவுக்கு அனுப்பிவைத்தது. அதில் சட்டத்தைவிட அரபு நாடுகளுடனான உறவே பேசியது என்று கருத இடமுண்டு. 1985ஆம் ஆண்டு விமானக் கடத்தலில் அமெரிக்கக் கடற்படை வீரர் ராபர்ட் ஸ்டெத்தமைக் கொன்ற வழக்கில், 1987இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் பிடிபட்ட முகமது ஹமாதியை அமெரிக்காவுக்கு அனுப்ப மேற்கு ஜெர்மனி மறுத்தபோது, ஜெர்மானியர் இருவர் பெய்ரூட்டில் கடத்தப்பட்டிருந்தனர். ஆனால் ஜெர்மனி, ஒப்படை அல்லது நீயே விசாரி என்ற கடமையை நிறைவேற்றியது. 1970ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை வகுத்த அக்கடமையின்படி அவரைத் தன் நீதிமன்றத்தில் விசாரித்து 1989இல் ஆயுள் தண்டனை விதித்தது. தன் குடிமக்களை எவரிடமும் ஒப்படைப்பதில்லை என்று அரசியல் சாசனத்திலேயே எழுதிக்கொண்ட நாடுகளையும் இந்த அளவுகோலால்தான் மதிப்பிட வேண்டும். 270 பேரைக் கொன்ற லாக்கர்பி குண்டுவெடிப்பில் தன் குடிமக்கள் இருவரைத் தர மறுத்த லிபியா, தானே விசாரிப்பதாகச் சொன்னது. அதை நம்ப எவரும் முன்வரவில்லை. பொருளாதாரத் தடைகளுக்குப் பிறகு, நெதர்லாந்து மண்ணில் ஸ்காட்லாந்துச் சட்டப்படி நடந்த விசாரணையில் 2001 ஜனவரியில் ஒருவர் தண்டிக்கப்பட்டார், மற்றவர் விடுவிக்கப்பட்டார்.

பேரம் என்பதும் ஒரு காரணம். 2008 மும்பைத் தாக்குதலுக்கு உளவு பார்த்த டேவிட் ஹெட்லி, குற்றத்தை ஒப்புக்கொண்டு ஒத்துழைத்ததற்கு ஈடாக இந்தியாவுக்கோ பாகிஸ்தானுக்கோ டென்மார்க்குக்கோ ஒப்படைக்கப்படமாட்டார் என்ற வாக்கை அமெரிக்க அரசிடமிருந்து பெற்று, 35 ஆண்டுச் சிறையை அங்கேயே அனுபவிக்கிறார். அவருடைய கூட்டாளி தஹாவூர் ராணா, ஒரே குற்றத்துக்கு இருமுறை விசாரிக்கக்கூடாது என்ற விதியைக் காட்டி நெடுங்காலம் வாதிட்டும் தோற்று, 2025 ஏப்ரலில் இந்தியா வந்துசேர்ந்தார்.

தமிழர்களும் இக்கேள்வியின் இரு பக்கங்களிலும் நின்றிருக்கிறார்கள். 1982 மே மாதம் சென்னை பாண்டி பஜாரில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் கைதான ஈழப் போராளிகளான பிரபாகரனையும் உமா மகேஸ்வரனையும் இலங்கை அரசு கேட்டபோது, தமிழகத்தின் கட்சிகள் அவர்களை அனுப்பக்கூடாது என்று ஒருகுரலில் நின்றன, அவர்கள் அனுப்பப்படவில்லை. 2002 ஜனவரியில் கனடா உச்ச நீதிமன்றம், விடுதலைப் புலிகளுக்கு நிதி திரட்டியதாகக் கூறப்பட்ட மாணிக்கவாசகம் சுரேஷ் வழக்கில், சித்திரவதை நிகழும் இடத்துக்கு ஒருவரை அனுப்புவது பொதுவாக அரசியல் சாசனத்துக்கு முரணானது என்றது. அரிதான சூழலில் அது ஏற்கப்படலாம் என்ற சிறு இடைவெளியை மட்டும் மூடாமல் விட்டது. அன்று கொழும்பின் கொட்டடிகளைக் காட்டி அனுப்பாதே என்று கேட்டதும், இன்று டெல்லியின் கொட்டடிகளைக் காட்டி அனுப்பாதே என்று கோபன்ஹேகனில் கேட்பதும் ஒரே சட்டம்தான். முதலாவதை ஏற்றுக்கொண்டவர்கள் இரண்டாவதைச் சதி என்று தள்ளிவிடுவது பொருந்தாது.

சித்திரவதைத் தடுப்பு மசோதா ஒன்று 2010 மே மாதம் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையில் தேர்வுக்குழுவுக்குச் சென்று, 2014இல் மக்களவை கலைந்தபோது காலாவதியானது. 2017 அக்டோபரில் இந்தியச் சட்ட ஆணையம் தன் 273ஆம் அறிக்கையில் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை ஏற்புறுதி செய்யப் பரிந்துரைத்து, அதற்கான சட்ட வரைவையும் இணைத்துத் தந்தது. இத்தகைய சட்டம் இல்லாததால் வெளிநாடுகளிலிருந்து குற்றஞ்சாட்டப்பட்டவர்களைத் திரும்பப் பெறுவது கடினமாகிறது என்ற நடைமுறைச் சிக்கலும் அப்பரிந்துரைக்குப் பின்னால் இருந்தது. அத்தகைய சட்டத்தை இயற்றுமாறு நாடாளுமன்றத்துக்குக் கட்டளையிட உச்ச நீதிமன்றம் 2019இல் மறுத்தது, ஏனெனில் அது நாடாளுமன்றத்தின் வேலை. புருலியா வழக்கின் கோப்பில் இன்னும் சேர்க்கப்படாதிருக்கும் தாள் அந்தச் சட்டத்தின் நகல்தான். அதைத் தூதரகத்தாலோ புலனாய்வுத் துறையாலோ தயாரிக்க முடியாது.